சிகாகோவுக்கு அனுப்பிவைத்த கைகள்



1863 ஜனவரி 12 அன்று கல்கத்தாவில் பிறந்த விவேகானந்தரின் பிறந்த நாளைத் தேசிய இளைஞர் நாளாக இந்திய அரசு 1984-ல் அறிவித்தது. மறு ஆண்டிலிருந்து நாடெங்கும் கொண்டாடி வருகிறோம். துறவி ஒருவருடைய பிறந்த நாள் எப்படி இளைஞர்களின் நாளாகும் என்று கேட்டால், அவர் இளைஞர்களைத் தட்டி எழுப்பினார் என்று மேடைதோறும் விடை சொல்கிறோம். அது பாதிக் கதை. எழுப்பியவர் அவர் என்றால், அவரை உலகுக்கு அனுப்பியவர்கள் யார்? நம் சென்னைப் பட்டணத்து இளைஞர்கள். அவர்களுக்கும் அவருக்கும் நடந்த கொடுக்கல் வாங்கலைப் புரிந்துகொண்டால்தான், நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பெயர் ஏன் மங்கவில்லை என்பது விளங்கும். அவர் இளைஞர்களுக்குப் புத்திமதியோடு நிறுத்தவில்லை, பொறுப்பையும் ஒப்படைத்தார். நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

1892 டிசம்பரில் குமரிமுனைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்பது. கையில் காசில்லை, ஊரில் பெயரில்லை. அங்கிருந்து சென்னைக்கு வந்து சாந்தோமில் ஓர் அதிகாரியின் வீட்டில் தங்கியிருந்தார். அவரைத் தேடி வந்தவர்களில் முதன்மையானவர் அளசிங்கப் பெருமாள். 1865-ல் பிறந்தவர், பச்சையப்பன் பள்ளியில் ஆசிரியர், குறைந்த சம்பளத்தில் பெரிய குடும்பத்தைச் சுமந்தவர். இவரும் இவருடைய நண்பர்களும் வந்தவுடனே காலில் விழுந்துவிடவில்லை. கேள்வி கேட்டார்கள், வாதாடினார்கள், மனம் ஒப்பிய பிறகே விவேகானந்தரைச் சிகாகோ சர்வசமயப் பேரவைக்கு அனுப்புவது என்று முடிவெடுத்தார்கள். முதலில் திரட்டிய பணத்தை, இன்னும் எனக்கு உத்தரவு வரவில்லை, ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார் சுவாமி. சோர்ந்துபோகாமல் மறுபடியும் திரட்டினார்கள். மன்னர்கள் கொடுத்தது உண்டு. ஆனால் நடுத்தர மக்களிடமும் கேளுங்கள், ஏழைகளுக்காகத்தானே போகிறேன் என்பது அவருடைய விருப்பம். ஆகவே வாத்தியார் வீடுவீடாக ஏறி இறங்கினார். அமெரிக்காவில் கைப்பணம் கரைந்தபோது சுவாமி எழுதியதும் அந்த வாத்தியாருக்குத்தான். சிகாகோ மேடையில் பேசிய 1893 செப்டம்பர் 11-க்கு முன்னால் அவரை உலகம் அறியாது. அறியாத ஒருவரை நம்பிக் கைப்பொறுப்பு ஏற்றவர்கள் இருபதுகளில் இருந்த நம் ஊர்ப் பிள்ளைகள்.

புகழ் வந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து அவர் அளசிங்கருக்கு எழுதிய கடிதங்களில் ஆசிகளோடு வேலைகளும் வரிசையாக வரும். பத்திரிகை தொடங்குங்கள், சந்தாதாரர்களைச் சேருங்கள், கணக்கை ஒழுங்காக வையுங்கள், ஒருவர்மேல் ஒருவர் பொறாமைப்படாதீர்கள் என்று கறாராக எழுதுவார், சில இடங்களில் கடிந்தும் எழுதுவார். அதன் விளைவாக 1895-ல் ‘பிரம்மவாதின்’ வந்தது. 1896 ஜூலையில் ‘பிரபுத்த பாரத’ சென்னையில் பிறந்தது. அந்த இரண்டாவது இதழின் ஆசிரியர் யார் தெரியுமா? வத்தலக்குண்டைச் சேர்ந்த பி. ஆர். ராஜம் ஐயர். ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதித் தமிழ் நாவலின் முன்னோடிகளில் ஒருவராக நாம் போற்றும் அதே ராஜம் ஐயர். அன்று அவருக்கு வயது இருபத்துநான்கு. இரண்டே ஆண்டில், 1898-ல், அவர் மறைந்தார். இதழ் இமயமலைச் சாரலுக்கு இடம் மாறி இன்றுவரை வெளிவருகிறது. இருபத்துநான்கு வயதுப் பிள்ளையை நம்பி ஓர் ஆங்கில மாத இதழை ஒப்படைக்க நம்மில் எத்தனை பேருக்குத் துணிவு உண்டு?

1897 பிப்ரவரியில் சென்னை அவரை வரவேற்ற விதம் பலருக்குத் தெரியும். வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஆட்களே இழுத்தார்கள். விக்டோரியா மண்டபம் கொள்ளவில்லை. வெளியே வந்து வண்டிமேல் ஏறி நின்று பேசினார். ஆரவாரத்தில் பேச்சு எடுபடவில்லை. உங்கள் உற்சாகம் மகிழ்ச்சி தருகிறது, ஆனால் இது அணையாமல் நிலைத்திருக்க வேண்டும் என்னும் பொருளில் சொல்லிப் பேச்சைச் சுருக்கிக்கொண்டார். அன்று கத்தியவர்களின் பெயர்கள் யாருக்கும் தெரியாது. நிலைத்தது வேறு. அதே ஆண்டு அவர் அனுப்பிய துறவி இராமகிருஷ்ணானந்தர் சென்னைக்கு வந்தார். 1905-ல் இராமகிருஷ்ணானந்தரின் ஆதரவில், மயிலாப்பூரில் ஏழு ஏழைப் பையன்களோடு இராமகிருஷ்ணா மாணவர் இல்லம் தொடங்கியது. கோவையில் அவினாசிலிங்கம் 1930-ல் இராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். பின்னர் அவரே சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சர் ஆனார். உற்சாகம் ஒரு நாள் கூத்தாகப் போகாமல், சோறும் பாடமுமாக மாறிய இடங்கள் இவை.

இங்கே ஒரு மறுப்பு எழும். படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பிள்ளையிடம் வேதாந்தம் பேசுவது பசித்தவனுக்குத் தாம்பூலம் நீட்டுவது போல ஆகாதா? நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பசியை அறியாதவர் அல்ல அவர். 1884-ல் தந்தை இறந்ததும், அப்போது நரேந்திரன் என்ற பெயரில் பட்டதாரியாக இருந்த அவர் வேலை தேடிக் கல்கத்தாத் தெருக்களில் அலைந்தார். வீட்டில் சோறு போதாத நாளில், வெளியே விருந்து இருக்கிறது என்று தாயிடம் பொய் சொல்லிவிட்டுப் பட்டினியாகக் கிடந்திருக்கிறார். பசித்த வயிற்றுக்குச் சமயம் போதிப்பது அவமதிப்பு என்று சிகாகோ மேடையிலேயே சொல்லும் துணிவு அந்த அனுபவத்திலிருந்து வந்தது. 1893-ல் அவரோடு கப்பலில் பயணம் செய்த ஜாம்ஷெட்ஜி டாடா, ஐந்தாண்டு கழித்து அந்தப் பயணத்தில் இருவரும் பேசியதை நினைவுகூர்ந்து, தாம் தொடங்க நினைத்த ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஆதரவு கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினார். 1909-ல் பெங்களூரில் உருவான இந்திய அறிவியல் நிறுவனம் அதுதான். தொழிலும் விஞ்ஞானமும் வேண்டும் என்று நினைத்த துறவியை, வேலை தேடும் பிள்ளைக்கு எதிரே நிறுத்த வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. அவர் ஒரு மதத்தின் துறவி, அவரைச் சூழ்ந்து நின்ற சென்னை இளைஞர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் படித்த உயர்சாதியினர், மற்றவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்பார்கள். முதல் பகுதியை மறைக்க வேண்டியதில்லை, அது உண்மை. ஆனால் மலபாரில் கண்ட தீண்டாமையைப் பைத்தியக்காரத்தனம் என்று அவர் சாடினார். சமையலறைக்குள் சுருங்கிப்போன சமயத்தை எள்ளினார். படித்த சாதி தன் அறிவை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுப்பதே கடன் என்று சென்னையிலேயே சொன்னார். ஆயினும் சாதியை உடைக்க அவர் சொன்ன வழி போதாது என்று அயோத்திதாசர் மரபும் பெரியார் மரபும் கேட்ட கேள்விகள் நியாயமானவை. அவற்றையும் சேர்த்தே இளைஞர்கள் படிக்க வேண்டும். கேள்வி கேட்டுத்தானே அளசிங்கரும் அவரிடம் வந்தார்! மதம் பற்றியோ, சிகாகோவில் முதல் பேச்சிலேயே அவர் கண்டித்தது மதவெறியை. 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவம் தொடங்கிய ஐடா ஸ்கடர் கிறித்தவர். அவர் வளர்த்த மருத்துவமனையின் கிராமப் பணி நம் கணியம்பாடி ஒன்றியத்தின் வீட்டு வாசல்வரை வந்திருக்கிறது. நோயாளியின் சாதியும் மதமும் கேட்காத அந்தப் பணிக்கும் விவேகானந்தர் கேட்ட தொண்டுக்கும் நடுவே சுவர் எழுப்ப யாராலும் முடியாது.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். வறண்டு கிடந்த நாகநதியில் நீர் நிற்க வழி செய்யும் திட்டத்தை ஓர் ஆன்மிக அமைப்பு வகுத்துக் கொடுத்தது. ஆனால் நூறுநாள் வேலையில் உறைகிணறு இறக்கியதும், கல் சுமந்து தடுப்புக் கட்டியதும் இந்தப் பக்கத்துப் பெண்கள். குரு வழி சொல்லலாம், மண் சுமப்பவர்கள் மக்கள்தான் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சான்று வேண்டுமா? மேலே ஜவ்வாது மலையில் மழைக்காலத்தில் பள்ளிக்கு வர முடியாமல் படிப்பை விடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கீழே சித்தூர்–கடலூர் சாலையோரம் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டமும் சந்தித்துக்கொள்ளும் வேலையை யார் ஏற்பது?

முன்வரிசைப் பெரியவர்களிடம்தான் என் கடைசி வேண்டுகோள். இளைஞர் நாளில் இளைஞர்களுக்கு நாம் கொடுக்கும் வேலை, பெரும்பாலும் பந்தல் போடுவதும் நாற்காலி எடுத்து வைப்பதும்தான். அதை மாற்றுவோம். ஊர் நூலகத்தையும், மலைப் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பையும், ஏரிக் கால்வாய் தூர்வாரும் வேலையையும் இருபது வயதுப் பெண்களிடமும் ஆண்களிடமும் விடுங்கள். பணத்தையும் கணக்குப் புத்தகத்தையும் சேர்த்தே கொடுங்கள். தவறு செய்வார்கள், விவேகானந்தர் கடிந்ததுபோலக் கடிந்துகொள்ளுங்கள், ஆனால் பொறுப்பைத் திரும்பப் பிடுங்காதீர்கள். இளைஞர்களே, அவர்கள் தராவிட்டால் அளசிங்கரைப் போல நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்கவில்லை.