நல்ல மனசு போதாது, பில்லும் வேணும்

உங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது: "ஐடி வேலைய விட்டுட்டு கல்வித் தொண்டு நிறுவனத்துல சேரலாமா ப்ரோ?" தாராளமா சேரலாம். ஆனா அதுக்கு முன்னாடி என்னோட ஒரு சொதப்பல கேட்டுட்டுப் போங்க.

நாலு வருஷம் முன்னாடி, ஞாயித்துக்கிழமைகள்ல ஒரு சின்ன டிரஸ்ட்ல பசங்களுக்கு கணக்கு சொல்லிக் கொடுக்கப் போனேன். "நீங்க இன்ஜினியர்தானே தம்பி, இந்த எக்ஸெல்லையும் பாத்துக்கோங்க"ன்னாங்க அத நடத்துற அக்கா. ஒரு கம்பெனி லைப்ரரிக்குன்னு கொடுத்த சிஎஸ்ஆர் பணம் அது. அந்த மாசம் டீச்சர் சம்பளத்துக்குக் காசு பத்தல. "எல்லாம் நம்ம அக்கவுண்ட்லதானே இருக்கு, எடுத்துக் கொடுங்க"ன்னு சொன்னது நான்தான்.

அடுத்த ரிப்போர்ட்ல கணக்கு உதைச்சது. கம்பெனி ரெண்டாவது தவணைய நிறுத்திட்டாங்க. மூணு டீச்சருக்கு ரெண்டு மாசம் சம்பளம் இல்ல. ஒருத்தங்க வேலையவே விட்டுட்டாங்க. "மிஸ் எப்போ வருவாங்கண்ணா?"ன்னு பசங்க என்கிட்டதான் கேட்டாங்க. பதில் இல்ல.

முன்கூட்டியே கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு, எழுத்துல அனுமதி கேட்டிருக்கணும். அவ்வளவுதான். இத யோசிக்கிற ஆளுக்குப் பேருதான் கிராண்ட் மேனேஜர்.

இந்தப் பணம் எங்கிருந்து வருது? 2013 கம்பெனிகள் சட்டம், 135-வது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, டர்ன்ஓவர் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒண்ணத் தொட்ட கம்பெனி, முந்தைய 3 வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதத்த சமூகப் பணிக்கு செலவு பண்ணணும். டிரஸ்ட் மூலமா செலவு பண்ணணும்னா, அந்த டிரஸ்ட் சிஎஸ்ஆர்-1 படிவம் பதிவு பண்ணியிருக்கணும். 2021 ஏப்ரல்ல இருந்து இது கட்டாயம். வெளிநாட்டுப் பணம்னா எஃப்சிஆர்ஏ சட்டம். அதுல நிர்வாகச் செலவு 20 சதவீதத்தத் தாண்டக் கூடாது. 2020 திருத்தத்துக்கு முன்னாடி அது 50.

கிராண்ட் மேனேஜர் வேலை என்னன்னா, திட்டம் எழுதுறது, பட்ஜெட் போடுறது, ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் தனிக் கணக்கு வெக்கிறது, பணம் சொன்ன விஷயத்துக்குத்தான் செலவாச்சுன்னு பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்கிறது. கோடுல யார், எப்போ, ஏன் மாத்தினாங்கன்னு பதிவு பண்றோம்ல? அதே ஒழுக்கம்தான்.

உடனே ராஜினாமா லெட்டர் அடிக்காதீங்க. ஆறு மாசம் வார இறுதியில ஒரு டிரஸ்ட் அக்கவுண்டன்ட் பக்கத்துல உக்காருங்க. அப்புறமும் ஆசை இருந்தா, டீச் ஃபார் இந்தியா, காந்தி ஃபெலோஷிப் மாதிரி 2 வருஷத் திட்டங்களப் பாருங்க. சம்பளம் குறையும். அதனால மொதல்ல இஎம்ஐய முடிங்க.

அன்னிக்கு அக்கா என்னைத் திட்டல. "நல்ல மனசோட வர்றவங்க நிறைய பேர் இருக்காங்க தம்பி. பில்ல பத்திரமா வெக்கிறவங்கதான் கிடைக்கல"ன்னாங்க. இப்பவும் ஞாயித்துக்கிழமை அங்க போறேன். பசங்களுக்கு கணக்கு முடிஞ்சதும், டிரஸ்ட் கணக்கு.

அடுத்த எபிசோடுல சந்திப்போம். டாட்டா!