பாப்பாவுக்கு எதுக்கு ஐடி?

எனக்குக் குழந்தை இல்ல. ஆனா இன்னிக்கு எபிசோட் கைக்குழந்தையோட விமானத்துல போறதைப் பத்தி. ஏன்னா அந்தக் காலைல ஏர்போர்ட் வாசல்ல அல்லாடினது நான்தான்.

மும்பைல அக்காவோட மாமியாருக்குத் திடீர்னு உடம்பு முடியல, ஐ.சி.யூ.ல சேர்த்துட்டாங்க. மாமா முந்தின நாளே கிளம்பிட்டாரு. மறுநாள் காலைல அக்காவும் பாப்பாவும் போகணும். பாப்பாவுக்கு ஒரு வயசு பதினோரு மாசம். ராத்திரி ராயபுரத்துல எங்க வீட்டு மாடில உட்கார்ந்து டிக்கெட் போட்டது நான். ‘இன்ஃபன்ட்’னு ஒரு பட்டன் இருந்துச்சு, அமுக்கினேன், முடிஞ்சுது. கீழ சின்ன எழுத்துல என்னமோ இருந்துச்சு, படிக்கல. ஆபீஸ்ல அடுத்தவன் டாக்குமென்டேஷன் படிக்கலன்னா திட்டுற ஆளு நான்.

வாசல்ல சி.ஐ.எஸ்.எஃப். காரர் அக்காவோட ஆதாரையும் டிக்கெட்டையும் பார்த்தாரு. பாப்பாவைப் பார்த்துச் சிரிச்சாரு. உள்ள விட்டுட்டாரு. நானும் டாட்டா காட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். பத்து நிமிஷத்துல போன். “டேய், பாப்பாவுக்கு வயசு ப்ரூஃப் கேக்குறாங்கடா. இல்லன்னா தனி சீட் வாங்கணுமாம். சீட்டும் ஃபுல்லாம்.”

இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. வாசல்ல பார்க்கிறது பாதுகாப்பு விஷயம், ஆள் யாருங்கிறது. அது பி.சி.ஏ.எஸ். விதி. பெரியவங்க கிட்ட சரியான ஐடி இருந்தா, கூட வர்ற சின்னக் குழந்தைக்குத் தனியா ஐடி தேவையில்லன்னு 2017லயே சொல்லிட்டாங்க. கவுன்ட்டர்ல கேக்குறது வேற. அது ஏர்லைன் விதி. அவங்களுக்குக் குழந்தை யாருன்னு கவலையே இல்ல. ரெண்டு வயசு ஆகலையா, அது மட்டும்தான் கேள்வி. ஆகலன்னா மடியில உட்காரலாம், கட்டணமும் கம்மி. ஆயிடுச்சுன்னா தனி சீட். ரெண்டரை வயசுப் பிள்ளையை ஒண்ணே முக்கால்னு சொல்ற நம்ம ஆளுங்க எத்தனை பேருன்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன? பணம் மட்டும் இல்ல, மடிக்குழந்தைக்குத் தனி பெல்ட், தனி லைஃப் ஜாக்கெட் தரணும். ஆக்சிஜன் மாஸ்க்கும் பெரும்பாலும் மூணு சீட்டுக்கு நாலுதான் தொங்கும்.

பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ஆதார், பாஸ்போர்ட், இதுல ஏதாவது ஒண்ணு போதும். தடுப்பூசி அட்டை அக்கா வீட்டு பீரோல இருக்கு. சாவி அக்கா பைக்குள்ள. கவுன்ட்டர் மூட நாற்பது நிமிஷம். வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோல போய்த் திரும்புறதெல்லாம் கனவு.

அப்பதான் ஞாபகம் வந்துச்சு. பாப்பா பிறந்தது ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரில, அதாவது சென்னை மாநகராட்சி எல்லைக்குள்ள. மாநகராட்சி வெப்சைட்ல பிறப்புச் சான்றிதழை இலவசமா டவுன்லோட் பண்ணலாம். பிளாட்ஃபார ஓரமா நின்னு, கேப்சா மூணு தடவை தப்பாப் போட்டு, பி.டி.எஃப். வந்துடுச்சு. திறந்தா பேர் இருக்க வேண்டிய இடம் காலி!

எனக்கு வேர்த்துடுச்சு. ஆனா காரணம் சாதாரணமானது. பிறந்த 21 நாளுக்குள்ள பதிவு பண்ணணும், ஆஸ்பத்திரி பண்ணிடும். நம்ம வீடுகள்ல பேர் வைக்க அதுக்கு மேல ஆகும். அப்புறம் போய்ச் சேர்க்க மறந்துடுவோம்.

அனுப்பினேன். கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு தேதியைப் பார்த்துச்சாம், அம்மா பேரை அக்கா ஆதாரோட ஒப்பிட்டுச்சாம், போர்டிங் பாஸ் கொடுத்துடுச்சாம். கேட்டது வயசுதானே, பேர் இல்லாததை அந்தப் பொண்ணு பெருசா எடுத்துக்கல. எல்லா கவுன்ட்டர்லயும் அப்படி நடக்கும்னு நம்பிப் போகாதீங்க.

திரும்பி வர்றப்ப இன்னொரு வேடிக்கை. அத்தைக்கு உடம்பு தேறி அக்கா கிளம்பறதுக்குள்ள ஒன்றரை மாசம் ஆயிடுச்சு, பாப்பாவுக்கு ரெண்டு வயசும் முடிஞ்சுது. வயசைப் பயணத் தேதில பார்ப்பாங்க, டிக்கெட் போட்ட தேதில இல்ல. போறப்ப மடி, வர்றப்ப சீட். ரவுண்ட் ட்ரிப் போடுறவங்க இதைக் கணக்குப் பண்ணிக்கோங்க.

வெளிநாடுன்னா கதையே வேற. ஒரு மாசக் குழந்தைக்கும் சொந்தமா பாஸ்போர்ட் வேணும். 2023 அக்டோபர் 1 அன்னிக்கோ அதுக்கு அப்புறமோ பிறந்த குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க, பிறந்த தேதிக்கு ஆதாரமா பிறப்புச் சான்றிதழை மட்டும்தான் ஏத்துக்குவாங்க. எங்க பாப்பா அந்தக் கணக்குல வர்றவ. பேர் இல்லாத சான்றிதழை வெச்சுக்கிட்டு அங்க போய் நிக்க முடியாது.

பேரை ஒரு வருஷம் வரைக்கும் கட்டணம் இல்லாம சேர்க்கலாம், அதுக்கு மேல 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணத்தோட. அக்கா ஊருக்கு வந்த மறுவாரம் ராயபுரம் மண்டல அலுவலகத்துக்குப் போனோம். ஃபார்ம்ல எழுதுறதுக்கு முன்னாடி இனிஷியல் முன்னாடியா பின்னாடியான்னு அக்காவுக்கும் மாமாவுக்கும் அங்கயே அரை மணி நேரம் சண்டை. ஒருமுறை ஏறிட்டா மாத்துறது கஷ்டம்னு எழுத்தர் சொன்னதும்தான் ரெண்டு பேரும் அடங்கினாங்க.

அந்தத் தனி சீட்டா? மும்பைல இருந்து சென்னை வரைக்கும் அதுல உட்கார்ந்து வந்தது டயப்பர் பை. பாப்பா அக்கா மடியிலதான் தூங்கினா.