ஓ பாசிட்டிவ்னா எல்லாம் ஒண்ணா?

போன பகுதியில தலசீமியா குழந்தைகளோட உடம்பில் சேர்ற இரும்புச்சத்தைப் பற்றிப் பேசினோம். அதைக் கேட்டுட்டு ஒரு அம்மா கேள்வி அனுப்பியிருந்தாங்க. "என் பையன் ஓ பாசிட்டிவ். ஆறு வருஷமா ஓ பாசிட்டிவ் ரத்தம்தான் ஏத்துறோம். இப்ப திடீர்னு மேட்ச் ஆகலைன்னு சொல்றாங்க. குரூப் மாறிடுமா டாக்டர்?"

குரூப் மாறலைங்க. பையனோட உடம்பு ஆன்டிபாடி உண்டாக்கியிருக்கலாம். அதைத்தான் முதல்ல பார்க்கணும்.

நாம குரூப் என்று சொல்றது ஏ, பி, ஓ, அப்புறம் பாசிட்டிவ், நெகட்டிவ். அவ்வளவுதான். ஆனா சிவப்பணுவோட மேற்பரப்பில் இதுவரைக்கும் 300க்கும் மேற்பட்ட ஆன்டிஜென்களைக் கண்டுபிடிச்சிருக்காங்க. பாசிட்டிவ் என்பது ஆர்.எச். வகையில் டி என்ற ஒரே ஒரு ஆன்டிஜெனைக் குறிக்குது. அதே வகையில் பெரிய சி, சின்ன சி, பெரிய இ, சின்ன இ என்று இன்னும் இருக்கு. அதைத் தாண்டி கெல், டஃபி, கிட் என்று வேற குடும்பங்கள். (கிட் என்றதும் குழந்தைன்னு நினைச்சுக்காதீங்க. அந்த ஆன்டிபாடி முதல்ல கிடைச்ச நோயாளியோட பேர் அது.)

விபத்தில் அடிபட்டு வர்றவருக்கு ரெண்டு பாட்டில் ஏத்தினா, இந்தச் சின்ன வித்தியாசங்கள் பெரும்பாலும் பிரச்சினை ஆகாது. தலசீமியா மேஜர் குழந்தையோட கணக்கு வேற. மூணு வாரத்துக்கு ஒரு தடவை என்று வெச்சுக்கங்க, வருஷத்துக்குப் பதினேழு தடவை. பத்து வருஷத்தில் 170. ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆளோட ரத்தம். பெரிய இ ஆன்டிஜென் நம்ம நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இருக்கு. அது இல்லாத குழந்தைக்கு ஒரே வருஷத்தில் மூணு, நாலு தடவையாவது இந்த அந்நியப் பொருள் உள்ளே போயிடும். எல்லாக் குழந்தையும் ஆன்டிபாடி உண்டாக்குறதில்லை. சிலரோட உடம்பு கண்டுக்காது, சிலரோட உடம்பு ஒரே தடவையில் பிடிச்சிடும். யார் எந்த ரகம்னு முன்கூட்டியே சொல்ல முடியாது.

ரத்தம் ஏத்தும்போதே வர்ற காய்ச்சல், நடுக்கம், உடம்பில் தடிப்பு, இதெல்லாம் வேற விஷயம். அது பெரும்பாலும் வெள்ளையணுக்களாலயும் பிளாஸ்மா புரதத்தாலயும் வர்றது. வெள்ளையணுவை வடிகட்டின ரத்தம் கொடுத்தா காய்ச்சல் வெகுவாகக் குறையும். ஆனாலும் ஏத்தும்போது காய்ச்சல் வந்தா உடனே நர்ஸைக் கூப்பிடுங்க. எது சாதாரணம், எது ஆபத்துன்னு நாங்க சோதிச்சுத்தான் சொல்ல முடியும்.

நான் அதிகம் பயப்படுறது சத்தமில்லாம வர்றதுக்கு. ஒரு பையன், ஒன்பது வயசு. குடும்பம் வேலைக்காக ஊர் மாறினதால் புது ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. கிராஸ்மேட்ச் சரியாத்தான் இருந்தது, ரத்தம் ஏத்தினாங்க, பையன் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போனான். ஒரு வாரம் கழிச்சு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகுது, கண் மஞ்சள். ஏத்தினப்புறம் பத்துக்கு மேல இருந்த ஹீமோகுளோபின் ஆறுக்கு வந்திடுச்சு. மஞ்சக்காமாலைன்னு நினைச்சு கீழாநெல்லி கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. எங்ககிட்ட வந்தப்ப பழைய ஃபைலைத் தேடிப் பார்த்தா, மூணு வருஷத்துக்கு முந்தி வேற ஒரு இடத்தில் கிட் ஆன்டிபாடி என்று எழுதியிருக்கு. அந்தத் தாள் பையனோட கூடப் போகவே இல்லை.

கிராஸ்மேட்ச் ஏன் காட்டிக்கொடுக்கலைன்னா, ஆன்டிபாடி ரத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைஞ்சு, சோதனையில் தெரியாத அளவுக்குப் போயிடும். கிட் ஆன்டிபாடி இதில் பேர்போனது. ஆனா அதை உண்டாக்கின அணுக்களுக்கு ஞாபகம் இருக்கு. அதே ஆன்டிஜென் மறுபடி உள்ளே வந்தா, சில நாள்லயே குவியல் குவியலா உண்டாக்கி, ஏத்தின சிவப்பணுக்களை அழிச்சிடும். மூணாவது நாள்லேர்ந்து ரெண்டு வாரத்துக்குள்ள எப்ப வேணும்னாலும் வரலாம். அதனால, ரத்தம் ஏத்தி ஒரு வாரத்திலேயே குழந்தை சோர்ந்துபோனா, அடுத்த தேதிக்காகக் காத்திருக்காதீங்க.

சரி, தடுக்க முடியுமா? பெருமளவுக்கு முடியும். முதல் பாட்டில் ஏத்துறதுக்கு முன்னாடியே குழந்தையோட ரத்தத்தை விரிவாக டைப் பண்ணிடணும். ஆர்.எச். ஆன்டிஜென்கள், கெல், முடிஞ்சா கிட், டஃபியும். ஏத்தினப்புறம் டெஸ்ட் பண்ணினா, கொடுத்தவங்களோட அணுவும் கலந்திருக்கும், மூணு மாசம் வரைக்கும் முடிவை நம்ப முடியாது. மூணு வாரத்துக்கு ஒரு தடவை ஏத்துற குழந்தைக்கு அந்த மூணு மாச இடைவெளி எங்கே கிடைக்கும்? அப்புறம் மரபணுச் சோதனைதான் வழி. அதுக்குச் செலவு அதிகம்.

ஆர்.எச்., கெல் ரெண்டையும் பொருத்திக் கொடுக்கணும் என்பது சர்வதேச தலசீமியா கூட்டமைப்போட பரிந்துரை. "அப்படிப் பார்த்தா ரத்தமே கிடைக்காதே"ன்னு சிலர் சொல்றாங்க. நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். சின்ன சியும் பெரிய இயும் இல்லாத ஒரு ஆர்.எச். வகை நம்ம நாட்டில் ரொம்ப சாதாரணம். குழந்தை அந்த வகைன்னா பொருந்துற கொடையாளரும் நிறைய இருப்பாங்க. தேடுறதைவிட, டைப் பண்ணி எழுதி வைக்கிற வேலைதான் பாக்கி நிற்குது.

ஆன்டிபாடி வந்துட்டாலும் ரத்தம் நிறுத்தப்படாது. எந்த ஆன்டிபாடின்னு பேனல் வெச்சுக் கண்டுபிடிச்சு, அந்த ஆன்டிஜென் இல்லாத பாட்டிலைத் தேடிக் கொடுப்போம். நேரம் ஆகும், அதனால ரத்த வங்கிக்கு ரெண்டு, மூணு நாள் முன்னாடியே சொல்லிடுங்க. ஆன்டிபாடியோட பேரைக் கேட்டு வாங்கி நோட்டுப் புத்தகத்தோட முதல் பக்கத்தில் எழுதுங்க, போன்ல ஒரு போட்டோவும் எடுத்து வெச்சுக்கங்க. அடுத்த சோதனையில் நெகட்டிவ்னு வந்தாலும் அதை அடிச்சிடாதீங்க.

கடைசியா ஒண்ணு. "என் ரத்தத்தையே எடுங்க டாக்டர், பெத்த அப்பாதானே"ன்னு நிறைய பேர் கேக்குறாங்க. வேண்டாம்னு சொல்றதுக்குக் காரணம், பின்னாடி உங்க குடும்பத்திலிருந்தே எலும்பு மஜ்ஜை எடுக்க வேண்டி வரலாம். உங்க ரத்தத்தை முன்னாடியே ஏத்தியிருந்தா, குழந்தையோட உடம்பு உங்க அணுக்களுக்கு எதிராப் பழகியிருக்கும், மஜ்ஜை ஒட்டாமப் போகிற ஆபத்து கூடும். சொந்தக்காரங்க ரத்தத்தில் வேற சிக்கலும் உண்டு. நீங்க தாராளமா ரத்த வங்கியில் கொடுங்க, அது வேற ஒருத்தருக்குப் போகும். மஜ்ஜை மாற்று சிகிச்சையைப் பற்றி அடுத்த பகுதியில் விரிவாகப் பேசுவோம்.