கட்டும் முன் கணக்குப் பாருங்கள்

தோட்டத்தை விட்டு வந்து சொந்த வீடு வாங்கியவர்கள் முதலில் செய்ய நினைப்பது, பின்புறம் சமையலறையை நீட்டிக் கட்டுவதுதான். கொத்தனாரை அழைத்து, "இங்கே சுவர், அங்கே குளியலறை" என்று கையால் காட்டுவோம். வேலை தொடங்கிவிடும். வரைபடம் இருக்காது.

கழிவுநீர்க் குழாயைப் பாருங்கள். 4 அங்குலக் குழாய்க்குப் பொதுவாக 10 அடி நீளத்திற்கு 3 அங்குல வாட்டம் வேண்டும். வெளிக்கால்வாயின் ஆழத்தை அளக்காமல் தரை மட்டத்தை முடிவு செய்தால் தண்ணீர் தேங்கும். பிறகு தரையை உடைத்து, குழாயை எடுத்து, மறுபடியும் பூச வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு கூலி. கொத்தனாரோ, "நீங்கள் சொன்னபடிதானே கட்டினேன்" என்பார்.

சில பிழைகளைத் திருத்த வாய்ப்பே கிடைப்பதில்லை. சிங்கப்பூர், சிராங்கூன் சாலையில் இருந்த 6 மாடி நியூ வோர்ல்ட் ஹோட்டல் 1986 மார்ச் 15-ஆம் தேதி இடிந்து விழுந்தது. 33 பேர் மாண்டனர். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்புக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது விசாரணையில் தெரிய வந்தது.

ஆகவே, முதலில் அளந்து படம் வரையச் சொல்லுங்கள். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, சமைக்கப் போகிற வீட்டுப் பெண்களை அதற்குள் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். மாடி எழுப்புவதானால் பொறியாளரைக் கேளுங்கள். நகராண்மைக் கழகத்தின் அனுமதியையும் பெறுங்கள்.

தாளில் போட்ட கோட்டை ரப்பரால் அழித்துவிடலாம். எழுப்பிய சுவருக்குச் சம்மட்டி வேண்டும். நாம் பாடுபட்டுச் சேர்த்த பணமும் வேண்டும்.