ஆற்றில் போட்டாலும் அளந்து போடு
(அதிவிரைவு இரயில் திட்டத்தைப் பற்றிச் செமினிக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு ஒன்றரை மணி நேரத்தில் ஓடும் அதிவிரைவு இரயில் வேண்டுமா, வேண்டாமா? பத்தாண்டுகளுக்கு மேலாக மந்திரிகளும் முதலாளிகளும் இதைப் பேசி வருகிறார்கள். பால்வெட்டுத் தொழிலாளியையோ தோட்டத்துக் கிராணியையோ யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்ல நமக்கு உரிமை உண்டு. பொதுப்பணம் என்பது வானத்திலிருந்து விழுந்ததன்று. நம் பாட்டனார் சீவிய பாலின்மீது விழுந்த ஏற்றுமதித் தீர்வையும் அதில் சேர்ந்தது. இன்று நாம் வாங்கும் பொருள்மீது விழும் வரியும் அதில் சேர்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். நாம் இரயிலுக்குப் பகைவர்கள் அல்லர். 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு இந்நாட்டின் முதல் இரயில் ஓடியது. மறு ஆண்டே கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் பாதை போட்டார்கள். இந்நாட்டுப் பாதைகளுக்குக் காடு வெட்டிக் கல் சுமந்த தோள்களில் நம் முன்னோரின் தோள்களும் உண்டு. செந்தூல் பட்டறையையும் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்பையும் கேட்டால் அவை சாட்சி சொல்லும்.

இனி இந்தத் திட்டத்தின் கதைக்கு வருவோம். 2013-ல் இரு நாட்டுப் பிரதமர்களும் அறிவித்தார்கள். 2016 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பாதை ஏறக்குறைய 350 கிலோமீட்டர், நிலையங்கள் எட்டு. 2018-ல் ஆட்சிக்கு வந்த டாக்டர் மகாதீர், செலவு 11,000 கோடி வெள்ளி ஆகும், நாடு தாங்காது என்றார். திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 2020 முடிவில் ஒப்பந்தமே முறிந்தது. சிங்கப்பூருக்கு நாம் கொடுத்த இழப்பீடு மட்டும் 10 கோடியே 28 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளி. நம் கணக்கில் 32 கோடிக்கு மேல். இந்தத் தொகை போனதற்கு ஒரு முழம் தண்டவாளமும் கண்ணில் படவில்லை, தோழர்களே! 2023-ல் தனியார் பணத்தில் கட்டலாம் என்று மறுபடியும் அழைப்பு விட்டார்கள்.

செக்ரோல் எழுதும் கை சும்மா இருக்குமா? குறைந்தபட்சச் சம்பளமாகிய மாதம் 1,700 வெள்ளியை வைத்துக் கணக்குப் போட்டோம். அந்த 11,000 கோடி, ஏறத்தாழ 54 இலட்சம் தொழிலாளரின் ஓராண்டுச் சம்பளம்!

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் மறைக்கக்கூடாது. ஜப்பான் 1964-ல் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இத்தகைய இரயிலை விட்டது. போட்ட மதிப்பைப்போல் இருமடங்கு செலவாகியும் கூட்டம் நிறைந்து ஓடியது. கோலாலம்பூர்–சிங்கப்பூர் விமானத் தடமும் உலகில் மிகவும் நெரிசலான பன்னாட்டுத் தடங்களில் ஒன்று. இன்று இரயிலே இல்லாத மூவாருக்கும் பத்து பகாட்டுக்கும் நிலையம் கிடைக்கும். இவையெல்லாம் மெய்.

ஆனால் நம் அண்டை வீட்டையும் பாருங்கள். இந்தோனேசியாவில் ஜகார்த்தா–பண்டுங் இரயில் 2023 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. பாதை 142 கிலோமீட்டர்தான். செலவோ மதிப்பீட்டை 100 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் தாண்டிவிட்டது. கடன் சுமை அரசாங்க நிறுவனங்களின் தலையில் விழுந்தது. அரசாங்க நிறுவனத்தின் சுமை கடைசியில் யார் தலையில் இறங்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

வேகம் குறைந்த வழி ஒன்றும் நம்மிடம் உண்டு. கிம்மாசிலிருந்து ஜொகூர் பாருவுக்கு மின்சார இரட்டைப் பாதை பொதுப்பணத்தில் போடப்பட்டது. 2025 டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாரு வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம். பயணம் ஏறத்தாழ நாலரை மணி நேரம். சிரம்பானிலும் சிகாமட்டிலும் குளுவாங்கிலும் நின்று ஆளை ஏற்றுகிறது. நம் செமினிக்கோ இரயில் நிலையமே கிடையாது. காஜாங்கில் இரயில் இருக்கிறது. அங்கே போய்ச் சேருவதுதான் நமக்குப் பெரும்பாடு. பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் வெயிலில் நிற்கும் தாய்க்கு, சிங்கப்பூருக்கு ஒன்றரை மணி என்றால் என்ன ஆறுதல்?

இன்னொன்று நம் நெஞ்சைத் தொடுவது: நிலம். நாம் சீவிய பிபி 86 மரத்தை மறந்திருக்கமாட்டீர்கள். அந்த 'பிபி' என்பது பெராங் பெசார் தோட்டத்தின் பெயர். 1990-களில் அந்தத் தோட்டம் புத்ராஜெயா ஆயிற்று. அங்கும் அண்டைத் தோட்டங்களிலும் இருந்த தொழிலாளர் டெங்கிலில் அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டார்கள். வாக்களித்த தரைவீட்டுக்காகப் பல்லாண்டு போராடினார்கள். தலைநகரம் குறித்த காலத்தில் எழுந்தது. வீட்டு வாக்குறுதிதான் நொண்டியது.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. தனியார் கட்டினாலும் அரசாங்கம் கொடுக்கும் நிலமும் கடன் உத்தரவாதமும் பொதுப்பணமே. அந்தக் கணக்கை நாடாளுமன்றத்தில் விரித்து வைக்கவேண்டும். அதிவிரைவுக்கு ஒரு காசு போகுமுன், செமினி போன்ற ஊர்களைக் காஜாங் இரயிலோடு இணைக்கும் பஸ்கள் நேரத்துக்கு ஓடவேண்டும். பாதைக்காக எந்தத் தோட்டத்தை எடுத்தாலும், லயம் இடிபடுமுன் பட்டாவோடு வீடு கையில் வரவேண்டும்.

இம்மூன்றும் நிறைவேறட்டும், அந்த இரயிலுக்கு நாமே கொடி காட்டுவோம். அதுவரை, ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னதையே அரசாங்கத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்போம்.