தேயும் கஞ்சியும்: சுவான்சௌ நகரத்து அன்றாட உணவு



சீனத்தின் தென்கிழக்குக் கரையில், ஃபுஜியான் மாநிலத்தில் உள்ள சுவான்சௌ நகரைத் தமிழறிஞர் உலகம் ஒரு கல்லால் அறியும். 1956-ஆம் ஆண்டில் கிடைத்த அத்தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1203, அதாவது கி.பி. 1281, சித்திரையில் பொறிக்கப்பட்டது. செகசைக்கான் என்று அது குறிக்கும் மங்கோலிய வேந்தரின் நலம் வேண்டிச் சம்பந்தப் பெருமாள் என்பார் இறைவனை எழுந்தருளச் செய்த செய்தி அதில் உள்ளது. அக்கோயில் இன்றில்லை. சைவ, வைணவச் சிற்பங்கள் ஊரெங்கும் சிதறிக் கிடைத்தன. கண்ணன் கதை செதுக்கிய இரு தூண்கள் கையுவான் என்னும் புத்தர் கோயிலின் பின்புறத்தில் நிற்கின்றன. இதைச் சொல்லிப் பெருமிதம் கொள்வதோடு தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் முடிந்துவிடும். அவ்வூரார் காலையில் என்ன உண்கிறார்கள் என்று கேட்பார் அரியர்.

விடியலில் அங்குள்ள கடைகளில் அண்டா நிறையக் கொதிப்பது மியன்சியன்ஹூ. நூலினும் மெல்லிய கோதுமை இழைகளை எலும்புச் சாற்றிலோ இறால் சாற்றிலோ குழையவிட்ட கூழ் அது. வாங்குவோர் சிப்பி இறைச்சி, பன்றிக் குடல், உறைந்த குருதி எனத் தமக்கு வேண்டியதைச் சுட்டிக்காட்டுவர்; கடைக்காரர் அதைக் கிண்ணத்தில் சேர்ப்பார். தோய்த்துண்ண எண்ணெயில் பொரித்த நீண்ட மாவுப் பண்டம் உண்டு. (மரக்கறி உண்பார் பாடு அங்குத் திண்டாட்டமே.) இறுதியாக மேலே தூவுவது வெண்மிளகுத் தூள்.

அம்மிளகு அவ்வூருக்குப் புதிதன்று. 1974-இல் ஹௌசூ துறையின் சேற்றிலிருந்து சோங் காலத்துக் கப்பலொன்று தோண்டி எடுக்கப்பட்டபோது, நறுமண மரங்களோடு மிளகும் வெளிப்பட்டது. அலெக்சாந்திரியாவுக்குச் செல்லும் மிளகுக் கப்பல் ஒன்றென்றால் இத்துறைக்கு வருபவை நூறு என்று மார்க்கோ போலோ கூறியது பயணியின் மிகையாகவே இருக்கட்டும். சேற்றில் கிடந்த மிளகு மிகையன்று. கூழ் விற்பவருக்கு இவ்வரலாறு வேண்டுவதில்லை. குடலின் வாடை அடங்க வேண்டும், அவ்வளவே.

சிப்பி வருவது நகரை ஒட்டிய ஷூன்பு போன்ற மீனவச் சிற்றூர்களிலிருந்து. ஷூன்புவின் பழைய வீடுகளுக்குச் சிப்பி ஓடே சுவர். பெண்கள் கொண்டையைச் சுற்றிப் பூச்சரங்களை வட்டவட்டமாகச் சூடுவர். பூச்சூடிய தலையோடு பாட்டிமார் வாசலில் அமர்ந்து, கத்தியால் சிப்பி பிளப்பர். இப்போது வெளியூர்ப் பெண்கள் காசு கொடுத்து அப்பூவைச் சூடிப் படமெடுத்துக்கொள்கின்றனர். அவர்கள் சிப்பி பிளப்பதில்லை.

அரிசிக் கஞ்சியும் அங்கு உண்டு. வறுமைக் காலத்தில் அரிசியைக் குறைத்து வள்ளிக்கிழங்கைக் கூட்டிக் காய்ச்சினர். அக்கிழங்கு பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் லூசோன் தீவிலிருந்து ஃபுஜியானுக்கு வந்தது. சீனரின் இக்கஞ்சிக்கு ஆங்கிலத்தார் வழங்கும் 'காஞ்ஜீ' என்ற பெயர், போர்த்துக்கீசியர் வழியே சென்ற தமிழ்க் கஞ்சியே. அதைக் காய்ச்சிக் குடிப்பவர் அப்பெயரை அறியார். அவர்களுக்கு வேறு சொல் இருக்கிறது.

எதிர்த்திசையில் வந்த சொல்லொன்றும் உண்டு. சுவான்சௌவைச் சார்ந்த ஆன்சி மலையில் தியேகுவான்யின் என்னும் பெயர்பெற்ற தேயிலை விளைகிறது. கடைதோறும் அதற்கெனத் தட்டும், எலுமிச்சம்பழ அளவே உள்ள கிண்ணங்களும் காத்திருக்கும். முதல் நீரைக் கொட்டிவிட்டு அடுத்த நீரையே குடிக்கத் தருவர். பெறுபவர் விரலால் மேசையை மெல்லத் தட்டினால் அது நன்றி. சீனத்தின் பெரும்பகுதியில் 'சா' என்று வழங்கும் இவ்விலைக்கு இம்மக்களின் மின்னான் மொழியில் 'தே' என்று பெயர். இக்கரையிலிருந்து கடலேறிய அச்சொல்லை டச்சு வணிகர் ஐரோப்பாவில் பரப்பினர். தமிழின் தேயிலைக்கும் தேநீருக்கும் தலையாய் நிற்பது அதுவே. 'தேய்' என்ற வினையிலிருந்து இவற்றை வருவிக்க முயல்வோர் ஆன்சி மலையைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். 'சாயா' என்பது 'சா' என்னும் மற்றச் சொல்லின் வழிவந்தது.

சுவான்சௌவின் பள்ளிகளில் பாடமொழி பொதுச்சீனம். அதனால் இளையோர் வாயில் 'சா' முந்திக்கொள்கிறது. பேரன் 'சா' என்று கேட்கிறான். பாட்டனார் 'தே' என்று சொல்லி ஊற்றுகிறார்.