இடுப்பு எலும்பைக் காப்போம்

எலும்பு வெறும் கட்டை அன்று. அது உயிருள்ள பொருள். இரத்தம் போகாவிட்டால் எலும்பும் சாகும். அவ்வாறு சாகும் எலும்புகளில் முதன்மையானது தொடை எலும்பின் தலை. அது ஏன் சாகிறது, யாருக்கு இந்த ஆபத்து அதிகம் என்பதை இன்று தெரிந்துகொள்வோம்.

தொடை எலும்பின் மேல்முனை பந்தைப் போல் உருண்டையானது. இடுப்பு எலும்பில் கிண்ணம் போன்ற குழி ஒன்று உண்டு. அந்தக் குழிக்குள் பந்து சுழல்வதால்தான் நாம் நடக்கிறோம், குந்துகிறோம், மேடு ஏறுகிறோம். இந்தப் பந்துக்கு இரத்தம் கொண்டு செல்பவை சில மெல்லிய குழாய்களே. லயத்தின் கோடி வீட்டுக்குச் சிறு குழாய் ஒன்றில் மட்டுமே தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது உடைந்தாலும் அடைத்துக்கொண்டாலும் அந்த வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. இந்த எலும்பின் நிலையும் அதுதான்.

குழாய் உடைவது பெரும்பாலும் விபத்தால். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தோ, மலைச்சரிவில் வழுக்கியோ தொடை எலும்பின் கழுத்து முறியலாம், மூட்டு விலகலாம். அப்போது இரத்தக் குழாய்களும் அறுந்துபோகக்கூடும். விலகிய இடுப்பு மூட்டைச் சில மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சரிசெய்தாக வேண்டும். எண்ணெய் போட்டு உருவிவிட்டு, "காலையில் பார்க்கலாம்" என்று படுக்க வைப்பது பெருந்தீங்கு.

விபத்து இல்லாமலும் இந்நோய் வரும். அதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று, ஆண்டுக்கணக்கில் அளவின்றிக் குடிப்பது. சம்சுவானாலும் பீரானாலும் பிராந்தியானாலும் எலும்புக்கு ஒன்றுதான். மது இரத்தத்தில் கொழுப்பை மிகுதியாக்கி, நுண்ணிய குழாய்களை அடைக்கிறது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

மற்றொன்று, நாம் மருந்தென்று நம்பி விழுங்குவது. பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் உழைப்பவருக்கு முழங்கால் வலியும் முதுகு வலியும் புதிதல்ல. கடையில் ஒரு பொடியோ குளிகையோ வாங்குகிறோம். இரண்டே நாளில் வலி பறந்துவிடுகிறது, பசி எடுக்கிறது, முகமும் பூரிக்கிறது. "நல்ல மருந்து" என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்கிறோம். இத்தகைய சில மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முகம் பூரித்தது உடல்நலத்தால் அன்று. அந்த ஸ்டீராய்டால் வந்த வீக்கம். முழங்கால் வலிக்கென்று தின்றது, நாளடைவில் இடுப்பு எலும்பைக் கொன்றுவிடலாம்.

ஸ்டீராய்டு என்றாலே நஞ்சு என்று எண்ண வேண்டாம். சில கடும் நோய்களுக்கு மருத்துவரே அளவறிந்து கொடுக்கிறார். அதை நாமாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பெயர் தெரியாத மருந்தை நெடுநாள் உண்டவர்களும் அதை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டி, அவர் சொற்படி நடக்க வேண்டும்.

லூபஸ் என்னும் நோயும், அரிவாள் வடிவ இரத்தச் சோகை என்னும் பரம்பரை நோயும் உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. புகைப்பதும் ஆபத்தைக் கூட்டுகிறது.

இந்நோய் பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் வருகிறது. அதாவது, குடும்பத்தைத் தாங்குகின்ற வயதில். முதலில் தொடையிடுக்கில் வலிக்கும். சிலருக்கு முழங்காலில் மட்டும் வலிக்கும். பிறகு சம்மணமிட்டு உட்கார முடியாது, நடை நொண்டும். செத்த எலும்பு உடனே நொறுங்குவதில்லை. கரையான் அரித்த தூணைப் போல் வெளியே நன்றாக இருந்து, ஒரு நாள் பாரம் தாங்காமல் அமுங்கிவிடும். விபத்தின்றி வரும்போது பலருக்கு இரண்டு இடுப்பும் கெடுகின்றன.

தொடக்கத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலிருக்கலாம். எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும். ஆகவே, எக்ஸ்ரே நன்றாக இருந்தும் வலி நீங்காவிட்டால் மறுபடியும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். குடிப்பழக்கத்தையும் உண்ட மருந்துகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எலும்பு அமுங்குமுன் கண்டுபிடித்தால், அதில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைத்து மூட்டைக் காக்க முயல்வார்கள். அமுங்கிய பிறகு பெரும்பாலும் செயற்கை மூட்டுதான் வழி.

பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறோம். இன்றே வீட்டிலுள்ள வலி மருந்துகளை எடுத்துப் பாருங்கள். சுகாதார அமைச்சில் பதிவான மருந்தின் மேல் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். அது இல்லையென்றால் அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். எழுதப் படிக்கக் கற்பது பரீட்சைக்கு மட்டும் அன்று. பெற்றோரின் கால்களைக் காக்கவும் அது உதவும்.